நின்ற இடத்தில் ஆறாயிரம்

மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. கியர் போடவில்லை. இஞ்சின் தன்பாட்டில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்.பி.எம். மீற்றரின் முள்ளோ, நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று என்கிறது. அடுத்த கணம் இரண்டாயிரம். பிறகு எட்டாயிரத்தைத் தொட்டுவிட்டு வந்து நடுங்குகிறது. அந்த இஞ்சின் உண்மையாகவே எட்டாயிரம் சுற்றில் ஓடினால் எங்கள் வீட்டுக் கூரையில் நாலு ஓடாவது கழன்று விழும். காதுக்கே தெரிகிறது, முள் பொய் சொல்கிறது என்று. அப்படியானால் யாரோ மீற்றரில் கைவைத்திருக்கிறார்கள். என் மூளை போன முதல் வழி அதுதான். வேறு வழி இருப்பதாக அது யோசிக்கவே இல்லை.

என் தொழில் அப்படி. நான் நிறுத்தல் அளத்தல் பரிசோதகர். கந்தோர் யாழ்ப்பாணத்தில், வீடு கொடிகாமத்தில். தராசுத் தட்டின் அடியில் புளியை உருட்டி ஒட்டி வைத்திருப்பவனையும், படிக்கல்லின் அடியைச் சுரண்டி வைத்திருப்பவனையும் பிடிப்பதுதான் என் வேலை. சரியாக நிற்கும் தராசுக்குக் கம்பி கோத்து, ஈயத்தை வைத்து, குறட்டால் நசுக்கி முத்திரை போட்டுவிட்டு வருவேன். அந்தக் குறடு என் காக்கிக் கோட்டின் பையில் எப்போதும் கிடக்கும். கொடிகாமச் சந்தைக்குள் அந்தக் கோட்டைக் கண்டால் வாழைக்குலை விற்கிறவன்கூட ஒருமுறை எழும்பி நிற்பான். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

மீற்றரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு வேகம் காட்டும் மீற்றர் மட்டும்தான், அதுவும் பாதி ஓடாது. என்னுடையது எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஜப்பான் வண்டி. அதில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டாவது வட்டம் இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறதென்று காட்டும். அதற்குக் கேபிள் கிடையாது. மின்பொறி எழுப்பும் கொயிலிலிருந்து ஒரு மெல்லிய வயர் போகும். மீற்றருக்குள் இருக்கும் எலக்ட்ரோனிக் தகடு, வயர் வழியாக வரும் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி முள்ளை நகர்த்தும். சந்தையில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். 'உது என்னத்துக்கு ஐயா?' என்று கேட்பார்கள். நானும் அலுக்காமல் விளக்கம் சொல்வேன்.

தொண்ணூறுக்குப் பிறகு அது விளக்கத்துக்கு மட்டுமில்லை, உழைக்கவும் தொடங்கியது. சண்டையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோன காலம். எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடினோம். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் பெற்றோலைப் பத்திரப்படுத்தி, நாலு சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் இஞ்சின் பிடிக்கும். பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். ஓட்டத்தில் மூவாயிரம் சுற்றுக்குக் கீழே போனால் வண்டி மூச்சுத் திணறும், மேலே போனால் எண்ணெயைக் குடிக்கும். நான் முள்ளை மூவாயிரத்தில் கட்டி வைத்ததுபோல் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம்வரை ஓடுவேன். அதனால் மற்றவர்களைவிட எனக்கு எண்ணெய் மிஞ்சியது.

ஆனால் காலையில் ஸ்டார்ட் எடுப்பது பெரிய கரைச்சல். மண்ணெண்ணெய்ப் புகை, இஞ்சினுக்குள் பொறி அடிக்கும் பிளக்கில் கரியாகப் படிந்துவிடும். இருபது தரம் உதைக்கவேண்டும். இருபதில் ஒன்று திருப்பி அடிக்கும். கிக்கர் படாரென்று மேலே வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கும். அந்த இடத்தில் புண் ஆறவே இல்லை. ஆறமுன் அடுத்த அடி விழுந்துவிடும். நான் கத்துகிற கத்தலில் அயலில் நாய்கள் எழும்பும். தங்கை வேப்பெண்ணெயையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். 'உந்தக் கோதாரியை விட்டுட்டுச் சைக்கிளிலை போங்கோவன் அண்ணை' என்பாள். நான் அவளுக்கும் சேர்த்துக் கத்துவேன்.

தாய் தகப்பன் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அவளும்தான். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். அவளுக்கு முப்பது வயதாகியிருந்தது. எனக்கு அவள் விஷயம் முடியாமல் என் விஷயத்தைப் பற்றி யோசிக்க முடியாது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். வந்த சம்பந்தங்களில் இரண்டை நான் விசாரித்தே விரட்டியிருந்தேன். மூன்றாவதாக வந்ததுதான் அரியாலை மெக்கானிக்.

அவர் எனக்குப் புதிய ஆளில்லை. அரியாலையில் வீதியோரமாக அவருடைய கராஜ். கந்தோருக்குப் போகும் வழியில் என் வண்டியை அங்கேதான் விடுவேன். முப்பத்துநாலு வயது, அதிகம் கதைக்காத மனிதர், நகக்கண்ணில் கிறீஸ் ஏறியிருக்கும். அவரை வளர்த்த பெரியம்மா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நேரடியாகக் கேட்டார். சாதகம் பார்த்தோம், பொருந்தியது. சீதனம் என்னவென்று கேட்டேன். 'எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி, பிள்ளையை மட்டும் தாங்கோ' என்றார்.

எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சீதனம் வேண்டாமென்று சொல்லும் மாப்பிள்ளையை யார் நம்புவார்? குடியா, வருத்தமா, வேறு இடத்தில் தொடுப்பா? மூன்று கிழமை விசாரித்தேன். அரியாலைத் தேநீர்க்கடையில் விசாரித்தேன், தபாற்கந்தோரில் விசாரித்தேன். ஒருவர் விடாமல் நல்ல பொடியன் என்றார்கள். ஒரு குறையும் சொல்லமாட்டேன் என்கிறார்களே, சொல்லி வைத்தது போல! அதுவும் எனக்கு இடித்தது. இருந்தும் பிடித்து நிறுத்த ஒரு காரணமும் கிடைக்காததால், கலியாணத்தை ஆவணியில் வைப்போமென்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரம் தங்கை என் சேட்டுகளை மடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டால் பாட்டு. அவளுக்குப் பாட வருமென்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த கிழமைதான் வண்டியைச் சேர்விசுக்குக் கொடுத்தேன். 'பின்னேரம் நானே கொண்டுவந்து வீட்டிலை விட்டுவிடுறன் அண்ணை' என்றார் மெக்கானிக். நான் கந்தோரில் சுணங்கி, மினிபஸ்ஸில் தொங்கி வீட்டுக்கு வந்தபோது வண்டி முற்றத்தில் நின்றது, ஆளைக் காணவில்லை. மறுநாள் காலை ஒரே உதையில் பிடித்தது! எனக்கென்றால் சந்தோஷம் தாங்கமுடியவில்லை. குனிந்து மீற்றரைப் பார்த்தேன். நின்ற இடத்தில் ஆறாயிரம்.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. சந்தைக்குப் போக கோட்டை மாட்டினால், இரண்டாவது பொத்தான் இல்லை. நாலு ஓட்டை வைத்த பெரிய மண்ணிறப் பொத்தான். இரண்டு நாளுக்கு முன் லோண்டரியிலிருந்து வந்த கோட்டு. போகிற வழியில் லோண்டரியில் இறங்கி, அந்த மனிதனை நாலு சனத்துக்கு முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். 'நல்லூர்க் கந்தனாணை, கோட்டு போகேக்கை பொத்தான் இருந்தது ஐயா' என்று அவன் அழாக்குறையாகச் சொன்னான். கந்தனை இழுத்துச் சத்தியம் செய்த வியாபாரிகள் எத்தனை பேரை நான் பார்த்திருப்பேன்! அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு மீற்றரில் இறங்கினேன். முதலில் நானே பார்த்தேன். எனக்கும் கை இருக்கிறது. மீற்றருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றி, முனைகளை அரத்தாளால் தேய்த்துப் பூட்டினேன். முள் ஆடியது. வண்டியின் சட்டத்தில் எர்த் பிடிக்கும் இடத்தில் துரு இருந்தது. சுரண்டி வெள்ளையாக்கி இறுக்கினேன். ஆடியது. லைற்றையும் ஹோர்னையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பற்றறி கிழடுதான், பற்றறி என்ன பிழை செய்ததென்று அறிய கந்தோர் நண்பரின் பற்றறியைக் கெஞ்சி வாங்கி வைத்துப் பார்த்தேன். அதற்கும் ஆடியது. வயர் சரி, எர்த் சரி, பற்றறி சரியென்றால் மிச்சம் மீற்றரின் உள்ளே இருக்கும் தகடுதானே? அது சேர்விசுக்குப் போகும்வரை சரியாக இருந்தது. போய் வந்த பிறகு பிழை. இடையில் கைவைத்தவர் ஒரே ஒருவர்.

அந்தக் காலத்தில் எலக்ட்ரோனிக் சாமான் எதுவும் குடாநாட்டுக்குள் இலேசில் வராது. பழைய ரேடியோவைக் கழற்றி அதிலிருந்து ஒரு சின்ன உறுப்பை எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள். என் மீற்றரின் தகட்டைக் கழற்றிவிட்டு ஏதோ பழுதானதை வைத்திருக்கிறான். சீதனம் வேண்டாமென்றானே, இதுதான் ஆளின் குணம்! எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. சந்தையில் உள்ள தராசு ஒவ்வொன்றின் இலக்கமும் என் புத்தகத்தில் இருந்தது. என் சொந்த மீற்றரின் இலக்கத்தை நான் எழுதி வைக்கவில்லை. மாறியதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. வழியில்லாதபடியால் சந்தேகம் இன்னும் நன்றாகக் கொழுத்தது.

ரேடியோவும் அப்போதுதான் எரிச்சலைத் தந்தது. மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவிலிருந்து ரேடியோ பாடும். பின்னேரச் செய்திக்குத் தங்கைதான் சுற்றுவாள். நான் வண்டியில் படலைக்குள் நுழைந்தால் செய்தி போய், கரகரவென்று சத்தம் வரும். இஞ்சினை நிறுத்தினால் செய்தி திரும்ப வரும். 'அண்ணை வந்தால் ரேடியோவும் பயந்து கத்துது' என்று அவள் பகிடி விட்டாள். டைனமோவைச் சரியாகச் சுற்றத் தெரியாதென்று நான் அவளை ஏசினேன். கேட்டுக்கொண்டிருந்த காது, கேட்டதை வைத்து எதையும் யோசிக்கவில்லை.

மறுபடி வண்டியை அரியாலைக்குக் கொண்டுபோனேன். போகமுன் ஒரு வேலை செய்தேன். மீற்றரின் பின்பக்கத்து இரண்டு திருகாணிகளுக்கும் குறுக்கே கம்பி கோத்து, ஈயத்தை வைத்து, குறட்டால் நசுக்கினேன். முத்திரையை உடைக்காமல் இனி யாரும் அதைத் திறக்கமுடியாது. வண்டியை விட்டுவிட்டு, முள் ஆடுகிறது, பார் என்றேன். பின்னேரம் போனபோது மெக்கானிக் மீற்றருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"அண்ணை, இது தராசுக்குப் போடுற முத்திரையெல்லோ?"

"ஓம்."

"ஏன் இஞ்சை போட்டனீங்கள்?"

"ஒரு கவனத்துக்கு."

அவர் விரலால் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு, "வயர் எல்லாம் பாத்தன். கொயிலும் பாத்தன். என்னெண்டு எனக்கு விளங்கேல்லை அண்ணை. உள்ளுக்குத் திறந்து பாக்கேல்லை, முத்திரை அப்பிடியே கிடக்குது, வடிவாய்ப் பாருங்கோ," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். அவருக்கு முன்னாலேயே, விரலால் கம்பியை இழுத்துப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் என் கையை வெட்டவேண்டும் போலிருக்கிறது.

"போன தரம் முத்திரை இல்லைத்தானே," என்றேன்.

அவர் எழும்பி, துணியில் கையைத் துடைத்தார். கை துடைத்து முடியவே இல்லை. "என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறியளோ அண்ணை?"

"நான் சொல்லேல்லைத் தம்பி. முள்ளுச் சொல்லுது."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்ததை அப்படியே விழுங்கியது எனக்குத் தெரிந்தது. சாவியை என் கையில் தரவில்லை. வண்டியின் சீற்றில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சொல்ல ஒன்றுமில்லாதவன்தான் வாயை மூடுவான் என்று நான் முடிவு கட்டினேன். வண்டி ஒரே உதையில் பிடித்தது. அது ஏனென்றுகூட நான் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் பெரியம்மா வந்தார். நாள் குறிக்கத்தான் வந்தார். பஞ்சாங்கமும் கையோடு இருந்தது. கராஜில் நடந்தது அவருக்குத் தெரியாதென்று முகத்திலேயே தெரிந்தது. மெக்கானிக் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை போல. 'வேறொரு சாத்திரியிடம் காட்டினோம், செவ்வாய் பொருந்தவில்லையாம்' என்று நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். சந்தையில் பொய் பிடிக்கிற நான்! பெரியம்மா பஞ்சாங்கத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கை கதவடியில் நின்றாள். கிழவி போன பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணை, உது செவ்வாயோ, மீற்றரோ?"

"களவெடுக்கிறவனுக்கு உன்னைக் குடுக்கச் சொல்லுறியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். இவளும் ஏதோ விழுங்குகிறாள் என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அன்றிலிருந்து அவள் பாடவில்லை.

இரண்டு மாதம் போனது. எனக்கு மனம் ஆறவில்லை. அவன் கள்ளன்தான் என்பதை ஒரு சாட்சிக்கு முன்னால் திறந்து காட்டவேண்டும், தங்கைக்குக் காட்டவேண்டும் என்று ஒரு விசர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரேடியோத் திருத்துனர் இருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி நிற்கும், குரல் எழும்பாத மனிதர். மீற்றரைத் திறந்து உள்தகடு மாற்றப்பட்டதா என்று சொல்லுங்கள் என்று கேட்கப் போனேன். கடை வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே இறங்கினேன். உள்ளே மேசையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ கரகரவென்று கத்தத் தொடங்கியது. அவர் வெளியே ஓடிவந்தார்.

"ஐயா, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். ரேடியோ பாடியது.

"இன்னொருக்கா எடுங்கோ."

எடுத்தேன். கரகரத்தது. அவர் தலையைச் சரித்துக் கேட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஐயா ஒரு வானொலி நிலையமெல்லோ நடத்துறியள். இந்த றோட்டிலை ஒருத்தரும் செய்தி கேக்கேலாது. பிளக் வயரிலை என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்து வந்து, ஓடுகிற வண்டியின் பின்பக்கத்திலிருந்து முன்னால் மெதுவாகக் கொண்டுபோனார். எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே போனதும் சத்தம் காதைக் கிழித்தது. இஞ்சினை நிறுத்தி, கையை விட்டுத் துழாவினார். கொயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயரின் நடுவில், சைக்கிள் ரியூப் ரப்பரால் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. ரப்பரைச் சுருள் சுருளாகக் கழற்றினார். வயர் அந்த இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இரண்டு முனைகளும் ஒரு பொத்தானின் எதிரெதிர் ஓட்டைகளுக்குள் செருகப்பட்டிருந்தன.

நாலு ஓட்டை. மண்ணிறம். என் கோட்டின் பொத்தான்.

அவர் சாவகாசமாக விளக்கினார். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டிக்கு இப்போது எல்லோரும் செய்கிற வேலைதான் இது. பொத்தானின் ஒரு ஓட்டையிலிருந்து மற்ற ஓட்டைக்குப் பொறி பாயவேண்டியிருப்பதால், அது பலமெடுத்துப் பாயும். கரி பிடித்த பிளக்கிலும் அடிக்கும். ஒரே உதையில் ஸ்டார்ட் வரும். "மற்ற மோட்டச்சைக்கிளுகளிலை உந்த மீற்றர் இல்லை, அதாலை ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பொறி வெளியிலை பாயேக்கை பெரிய இரைச்சல் கிளம்பும் ஐயா. ரேடியோவுக்கும் கேக்கும், உங்கடை மீற்றருக்கும் கேக்கும். மீற்றரிலை பிழையில்லை. அது பாவம், கேட்டதெல்லாத்தையும் எண்ணிச்சுது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொத்தானை எடுத்து, வயர் முனைகளை முறுக்கிச் சேர்க்கச் சொன்னேன். பிளக்கையும் துடைத்து, பதினைந்து தரம் உதைத்தபின் இஞ்சின் பிடித்தது. முள் ஆயிரத்தில் அசையாமல் நின்றது. பொத்தானைத் திரும்பப் போடச் சொன்னேன். ஆடியது. எடுக்கச் சொன்னேன். நின்றது. தராசைக்கூட நான் இரண்டு தரம்தான் பார்ப்பேன். அதை மூன்று தரம் பார்த்தேன். பிறகு மீற்றரின் பின்பக்கத்தில் அவர் கண் போனது. "உதென்ன ஐயா, முத்திரை?" என்றார். நான் பொத்தானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்று உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். பொத்தானைக் கண்டதும் கை நின்றது.

"நான்தான் வெட்டிக் குடுத்தனான்," என்றாள்.

மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று நான் வீட்டில் இல்லை. அவர் படலையடியில் நிறுத்திவிட்டுப் போகத்தான் பார்த்தார். இவள்தான் கூப்பிட்டு, அண்ணையின் கால் புண்ணைப் பற்றிச் சொல்லி, இந்த உதையைக் குறைக்க ஒரு வழி செய்யமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். ஒரு பெரிய பொத்தான் இருந்தால் இப்போதே செய்யலாம் என்றிருக்கிறார். கொடியில் கிடந்த கோட்டில்தான் பெரிய பொத்தான் இருந்தது. பிறகு வேறொன்று வாங்கித் தைக்கலாமென்று நினைத்தாளாம். பத்து நிமிட வேலை. அவர் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, முற்றத்திலேயே நின்று செய்துவிட்டுப் போனார்.

"ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?"

"நாள் வைக்கமுன்னம் நீங்கள் இல்லாத நேரம் அவரோடை கதைச்சனெண்டு தெரிஞ்சால் நீங்கள் என்ன நினைப்பியள்? நான்தான் அவரிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு கேட்டனான். பேந்து லோண்டரிக்காரனை நீங்கள் கிழிச்ச கிழியிலை எனக்கு வாய் வரேல்லை." அவள் அரிசித் தண்ணீரை ஊற்றினாள். "மீற்றருக்கும் பொத்தானுக்கும் தொடுப்பிருக்குமெண்டு எனக்கு என்னெண்டு தெரியும் அண்ணை? அவருக்கே தெரியாதே."

கராஜில் அவர் விழுங்கியது அதுதான். நான் அவரைக் கள்ளன் என்றபோது, 'உங்கள் வீட்டு முற்றத்தில், உங்கள் தங்கை கேட்டுத்தான் வயரில் கைவைத்தேன்' என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சந்தேகம் அவளிடம் போகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அவளோடு முழுதாகப் பத்து நிமிடம்கூடக் கதைத்திராத மனிதர். எனக்கு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் அரியாலைக்குப் போனேன். பொத்தான் இல்லாத வண்டி. உதைத்து உதைத்து, இரண்டு தரம் திருப்பி அடித்து, புண்ணிலிருந்து இரத்தம் வழிய வழியப் போனேன். முள் மூவாயிரத்தில் அப்படியே நின்றது. லோண்டரியில் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. அவன் சிரித்துவிட்டு விட்டான்.

கராஜில் மெக்கானிக் ஒரு சைக்கிள் றிம்முக்கு நெளிவெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். பொத்தானை நீட்டி, ரேடியோத் திருத்துனர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், தொழில் விஷயம் கேட்பதுபோல.

"அப்பிடியோ? ரேடியோ இரைச்சலோ? எனக்கு அது மண்டையிலை ஓடேல்லை அண்ணை. இருபது வண்டிக்குப் போட்டிருப்பன். மீற்றர் உள்ளது உங்கடை ஒண்டுதான்." பிறகு என் காலைப் பார்த்தார். "இரத்தம் வருது. இருங்கோ."

"தம்பி, நான் சொன்னது பிழை. பெரிய பிழை. பெரியம்மாவை வரச்சொல்லும். செவ்வாய் எண்டது பொய். நான் வந்து காலிலை விழச்சொன்னாலும் விழுறன்."

அவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியம்மாவுக்கு ஆவணியை விட மனமில்லை அண்ணை. வேறை இடத்திலை பேசிப்போட்டா. நாளைக்குப் பொன்னுருக்கு."

தாலிக்குப் பொன் உருக்குகிற நாள். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் யாரும் பின்வாங்குவதில்லை, அவர் பின்வாங்குகிற ஆளுமில்லை. நான் காலைக் கழுவினேன். அவர் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, இடைவெளி பார்த்துப் பூட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. பொத்தானைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். வைத்தபோது, "அவவை நான் ஒண்டும் குறையாய் நினைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றார். 'உங்களையும்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

வீட்டில் அதை அப்படியே சொன்னேன், பொன்னுருக்கையும் சொன்னேன். தங்கை தலையாட்டினாள். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கொடியிலிருந்து கோட்டை எடுத்தாள். ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து, விளக்கடியில் இருந்து பொத்தானைத் தைத்தாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நாலு தரம், ஐந்து தரம் இழுத்தாள். ஒரு ஓட்டையின் ஓரம் பொறி பட்டுக் கருகியிருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டின் பையில் கைவிட்டுக் குறட்டை எடுத்தாள். கோட்டையும் குறட்டையும் என் மடியில் வைத்தாள்.

"அண்ணை, இதுக்கும் ஒரு முத்திரை வைச்சு விடுங்கோவன்," என்றாள்.